ரைசன் 3200ஜி-யில் காய்ந்த தெர்மல் பேஸ்ட்: சர்ஜிகல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

நீடாமங்கலம் ஜெராக்ஸ்

வணக்கம். கடையில் இரண்டு டெஸ்க்டாப். ஒன்று ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 3 3200ஜி ப்ராசஸர், ஏஎம்4 போர்டு, பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர். இன்னொன்று இன்டெல்லின் பழைய ஐ5-4460, அதற்கும் கம்பெனி கூலர்தான். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசுகிற தெர்மல் பேஸ்டை இரண்டிலும் வாங்கின நாளிலிருந்து மாற்றவே இல்லை. 3200ஜி-யில் பிரவுசரும் எக்ஸெல்லும் திறந்தாலே 90 டிகிரியைத் தொடுகிறது, ஃபேன் கத்துகிறது. ஐ5 அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் சூடு.

மெடிக்கலில் கேட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் சானிடைசரும்தான் இருக்கிறது என்கிறார்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஆன்லைனில் போட்டால் வர நாளாகும். ஸ்பிரிட்டை வைத்தே துடைக்கலாமா? துடைக்க ப்ராசஸரைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டுமா? ஏஎம்டி-யில் கூலரை இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

பாமணியாறு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உண்மைதான். துடைக்கிற வேலையில் ப்ராசஸர் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவதெல்லாம் கூலரைக் கழற்றுகிற அந்த அரை நிமிஷத்தில்தான்.

ஏஎம்4-ல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட்டின் லீவர் அந்தப் பின்களைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறதே தவிர, ப்ராசஸரின் தலைமேல் அழுத்திப் பிடிக்கிற சட்டம் எதுவும் கிடையாது. பேஸ்ட் காய்ந்து கோந்து மாதிரி ஒட்டியிருந்தால், நேராக மேலே இழுக்கும்போது லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் உருவிக்கொண்டு வரும். வரும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரப் பின்கள் வளையும்.

ஆகவே கழற்றுவதற்கு முன்னால் மெஷினை ஒரு பத்து நிமிஷம் நன்றாக வேலை வாங்குங்கள். பெரிய ஃபோல்டரை ஜிப் பண்ண விட்டாலும் போதும். சூடேறினால் பேஸ்ட் இளகும். பிறகு ஷட் டவுன், பவர் கார்டை உருவி விடுங்கள், பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டை வடித்து விடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். சூடு ஆறுவதற்குள் அடுத்ததைச் செய்ய வேண்டும்.

கேபினெட்டைப் படுக்கப் போடுங்கள். கூலர் ஃபேன் ஒயரை போர்டிலிருந்து எடுங்கள், பலரும் மறப்பது இதைத்தான். ஸ்டெல்த்தில் நாலு ஸ்ப்ரிங் ஸ்க்ரூ இருக்கும். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்றுத் தளர்த்திக்கொண்டே வாருங்கள், கூலர் ஒரு பக்கம் சாயாமல் மட்டமாக விடுபடும். கடைசி ஸ்க்ரூ விட்டதும் போர்டுக்குப் பின்னால் இருக்கிற தகடு நழுவி விழும். பின்பக்க மூடியைத் திறந்து முன்கூட்டியே ஒரு டேப் ஒட்டி வையுங்கள்.

இப்போதும் மேலே இழுக்கக் கூடாது. கூலரை இரண்டு கையாலும் பிடித்து இடம், வலம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். கடிகார முள் ஐந்து நிமிஷம் நகருகிற தூரம் திரும்பினாலே போதும். முதலில் அசையாது. பிறகு 'சளக்' என்று வழுக்கிக் கொடுக்கும். அது கைக்கே தெரியும். அதற்கப்புறம்தான் தூக்க வேண்டும், அதுவும் ஒரு ஓரத்திலிருந்து.

ஐ5-க்கு இந்தப் பயம் வேண்டாம். அதன் எல்ஜிஏ1150 சாக்கெட்டில் ப்ராசஸரின் மேல் இரும்புச் சட்டம் பூட்டியிருக்கும், அதனால் கூலரோடு வராது. அந்தக் கூலரில் நாலு பிளாஸ்டிக் புஷ் பின். தலையில் போட்டிருக்கிற அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடும். திரும்ப மாட்டுவதற்கு முன்னால் நாலையும் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க மறந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பூட்டாது. மாட்டும்போதும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று கேட்க வேண்டும். மூன்று பூட்டி ஒன்று பூட்டாமல் இருந்தால், புதுப் பேஸ்ட் போட்டும் சூடு குறையவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ப்ராசஸரை வெளியே எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். இரண்டிலும் சாக்கெட்டில் பூட்டியபடியே துடையுங்கள். ஐ5-ல் இது இன்னும் முக்கியம். அதில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, மயிரிழை மாதிரி. ப்ராசஸர் மேலே இருக்கிறவரைதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. துணியின் ஒரு நூல் அதில் மாட்டி இழுத்தால் போர்டே போச்சு.

அரசலாறு

துடைக்கிற பகுதியை நான் சொல்கிறேன்.

99 சதவீத ஐசோப்ரொப்பைல் இருந்தால் கவலையே இல்லை. நீடாமங்கலத்தில் கிடைக்கவில்லை என்றால் ஆன்லைனுக்குப் போவதற்கு முன்னால் பக்கத்து செல்போன் சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் விழுந்த போர்டை அலச ஐபிஏ என்று (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலின் சுருக்கம்) ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். உங்களுக்குத் தேவை இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஐந்தாறு மில்லிதான்.

அதுவும் இல்லையென்றால் அதே மெடிக்கலில், இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் வாங்குகிற ஆல்கஹால் ஸ்வாப் கேளுங்கள். சின்னச் சின்ன பாக்கெட்டாக வரும். உள்ளே 70 சதவீத ஐசோப்ரொப்பைலில் நனைத்த பட்டை, பஞ்சு பிரியாத ரகம். சுகர்காரர்கள் இல்லாத தெரு நம்ம பக்கம் கிடையாது, ஆகவே ஸ்வாப் இல்லாத மெடிக்கலும் இருக்காது. ஒரு ப்ராசஸருக்கு ஆறிலிருந்து எட்டு போதும்.

70-க்கும் 99-க்கும் வித்தியாசம் மிச்சமிருக்கிற தண்ணீர்தான். 99 ஒன்றிரண்டு நிமிஷத்தில் பறந்துவிடும். 70-ல் ஆல்கஹால் முதலில் போய்விட்டுத் தண்ணீர் பின்தங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றே நனைந்திருக்கிறபோது அது இன்னும் மெதுவாகக் காயும். 70 போட்டால் ஃபேன் காற்றில் கால் மணி நேரம், மழைக்காலமாக இருந்தால் அரை மணி நேரம் விடுங்கள். 99 பாட்டிலும் திறந்தே கிடந்தால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உடனுக்குடன் மூடுங்கள்.

ஒரு விஷயம் புரிந்துகொண்டால் வேலை சுலபம். தெர்மல் பேஸ்ட் என்பது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு மாதிரியான பொடியைக் குழைத்தது. வருஷக்கணக்கான சூட்டில் எண்ணெய் ஓரத்துக்குக் கசிந்து போய், நடுவில் பொடி மட்டும் கட்டியாக நிற்கிறது. அதைத்தான் காய்ந்துவிட்டது என்கிறோம். ஐசோப்ரொப்பைல் சிலிக்கோன் எண்ணெயை முழுக்கக் கரைக்காது. இளக்கிக் கொடுக்கும், துணிதான் அள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால் நிறைய ஊற்றுவதில் லாபமில்லை, துணியை அடிக்கடி மாற்றுவதில்தான் லாபம்.

முதலில் ஈரமில்லாத துணியால் மேலாக இருக்கிறதை அள்ளுங்கள். ஓரத்தில் பிதுங்கிக் கெட்டியானதை பழைய ஏடிஎம் கார்டின் மூலையால் மெதுவாகத் தள்ளலாம். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கம்பி நார், உப்புத்தாள் எதுவும் கிட்டே வரக்கூடாது. அடுத்து துணியில் நாலைந்து சொட்டு விட்டு, அந்த ஈரத் துணியை ப்ராசஸரின் உலோக மூடி மேல் ஒரு நிமிஷம் அப்படியே போட்டு வையுங்கள். கட்டி ஊறும். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் பேஸ்ட் சாக்கெட்டின் இடுக்குக்குள் போய்ச் சேரும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். ஐசோப்ரொப்பைலை நேராக ப்ராசஸர் மேல் ஊற்றாதீர்கள்.

துணி வெள்ளையாகவே திரும்பி வந்தால் முடிந்தது. மூடியில் பொறித்த எழுத்துகளின் குழியில் மட்டும் சாம்பல் நிறமாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தோண்டாதீர்கள், அதனால் ஒன்றும் குறையாது. துடைத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது, விரல் எண்ணெய் ஒட்டினால் மறுபடி துடைக்க வேண்டும்.

துணிக்கு, மூக்குக்கண்ணாடியோடு கொடுக்கிற துணி பிரமாதம். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துண்டும் பரவாயில்லை, கிழித்த ஓரத்தை உள்ளே மடித்துக்கொள்ள வேண்டும். பனியன் வேஸ்டும் டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், பஞ்சு உதிர்க்கும். வெளிநாட்டு வீடியோக்களில் காபி ஃபில்டரால் துடைப்பார்கள். அது காகிதம். கும்பகோணத்துப் பித்தளை ஃபில்டரை வைத்துக்கொண்டு யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை: நெயில் பாலிஷ் ரிமூவரும் பெயின்ட் தின்னரும் சாக்கெட் பிளாஸ்டிக்கைத் தின்னும். மண்ணெண்ணெய், பெட்ரோல், துரு விடுவிக்கிற ஸ்ப்ரே எல்லாம் எண்ணெய்ப் படலம் விடும். ஜெல் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது.

ஐசோப்ரொப்பைலின் ஆவி சாதாரண அறைச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கடையில் சாமி படத்துக்கு முன் விளக்கு எரிகிறதா, மேஜைக்கடியில் கொசுவத்தி புகைகிறதா என்று பார்த்து அணைத்துவிட்டு பாட்டிலைத் திறங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

உப்பங்காற்று, நாகை

அவர் கேட்டதே சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பற்றி, நீங்கள் அதைப் பேச்சிலேயே எடுக்கவில்லை. இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை சார். அதுவும் ஆல்கஹால்தானே, பறந்துவிடும். அவசரத்துக்குத் துடைத்தால் ப்ராசஸர் ஒன்றும் செத்துப்போகாது.

அரசலாறு

செத்துப்போகாது, ஒப்புக்கொள்கிறேன். பிரச்சினை பறந்த பிறகு என்ன மிச்சம் என்பதில். சர்ஜிகல் ஸ்பிரிட் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலவற்றில் தோல் வறண்டுபோகாமலிருக்க விளக்கெண்ணெய் மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள். லேபிளைப் படியுங்கள். படித்தும் புரியவில்லை என்றால் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து அதில் இரண்டு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். சாய்த்து டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால், விட்ட இடம் தெரியாமல் இருந்தால் பயன்படுத்தலாம். வளையமாகவோ வானவில் மாதிரியோ படிந்திருந்தால் அந்தப் பாட்டில் இந்த வேலைக்கு ஆகாது. முதல் இரண்டு துடைப்பை அதில் முடித்துவிட்டு, கடைசித் துடைப்பை மட்டும் ஸ்வாப்பால் செய்தாலும் சரி.

உப்பங்காற்று, நாகை

கண்ணாடிச் சோதனை நல்ல யோசனை, சரி.

ஹீட்சிங்க், அதாவது கூலரில் ஃபேனுக்குக் கீழே இருக்கிற உலோகப் பகுதி, அதையும் யாராவது சொல்ல வேண்டும். ப்ராசஸரைப் பளபளவென்று துடைத்துவிட்டு, அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் அடைத்திருக்கிற குப்பையை அப்படியே விட்டால் பாதி பலன்தான். நீடாமங்கலம் மாதிரி அறுவடை ஊரில் தை மாசி வந்தால் மெஷின் அறுப்புத் தூசி, கொள்முதல் நிலையத்துத் தூசி, நெல் சுணை எல்லாம் ஃபேன் இழுத்துக்கொள்ளும். சுணை சாதாரணத் தூசி மாதிரி ஊதினால் போகாது, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ஃபேனைத் தனியே கழற்றிவிட்டுப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்துவிட்டுத்தான் ப்ளோயர் போட வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும்.

ஃபேன் கழற்றிய வெறும் ஹீட்சிங்கைப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் போட்டுத் தண்ணீரில் அலசலாம். பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். வெயிலில் அரை நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, அடிப்பக்கத்தை ப்ராசஸரைத் துடைத்த அதே முறையில் துடைத்து மாட்ட வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூக்கும். தகடுகளில் இருந்தால் பிரஷ் போட்டால் போதும். ப்ராசஸரைத் தொடுகிற அடிப்பக்கத்தில் குழி விழுந்திருந்தால் கூலரை மாற்றிவிடுவதே மேல், பேஸ்டை அதிகமாகப் போட்டு நிரவுகிற வேலை வேண்டாம்.

நீடாமங்கலம் ஜெராக்ஸ்

எல்லாருக்கும் நன்றி. ஸ்வாப் கிடைத்துவிட்டது. ஒரு சிக்கல்: 3200ஜி இப்போது ஆன் பண்ணினால் சில நிமிஷத்தில் தானே அணைந்துவிடுகிறது. பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்க வழியில்லை. இத்தனை சொல்லியும் ப்ராசஸர் கூலரோடு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்கிறேன்.

பாமணியாறு

அணைவதற்குள் தேவையான சூடு ஏறியிருக்கும், அதுவே போதலாம். ஆறிவிட்டால் தலைமுடி உலர்த்துகிற ஹேர் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஹீட்சிங்கின் மேல் இரண்டு மூன்று நிமிஷம் காட்டுங்கள். போர்டு மேல் காட்ட வேண்டாம். சாலிடரிங் ஹாட் ஏர் கன் இந்த வேலைக்குக் கிடையாது. இதையெல்லாம் ஸ்பிரிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

வந்துவிட்டால் கையை உதறாதீர்கள். கூலரை அப்படியே தலைகீழாகத் திருப்பி, பின்கள் மேலே பார்க்கும்படி மேஜையில் வையுங்கள். ப்ராசஸரின் பச்சைப் பலகைக்கடியில் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினால் பலகை பிளக்கும். மறுபடி ட்ரையர் காட்டி, பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூலை உலோக மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள். ப்ராசஸரின் நான்கு ஓரங்களை மட்டும் பிடித்துத் திருகினாலும் வழுக்கி வந்துவிடும். பின்களில் விரல் படக்கூடாது.

பின் வரிசைகளைக் கண் மட்டத்தில் வைத்து நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். நேராக இருந்தால் வரிசைகளுக்கு நடுவில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும், வளைந்த பின் அந்தக் கோட்டை மறைக்கும். 0.5 மிமீ மெக்கானிக்கல் பென்சிலில் லீட்டை எடுத்துவிட்டு, அதன் மூக்குத் துளையைப் பின்மேல் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். ஒரே வளைப்பில் நிமிர்த்தினால் முறியும். பின்னில் பேஸ்ட் பட்டிருந்தால் மென்மையான புது டூத் பிரஷ்ஷும் 99 ஐசோப்ரொப்பைலும்.

திரும்ப வைக்கும்போது பலர் தவறவிடுவது லீவரைத்தான். ப்ராசஸர் உருவிக்கொண்டு வந்தபோது லீவர் பூட்டியேதான் இருக்கும். அதை முழுக்கத் தூக்கிய பிறகே வைக்க வேண்டும். மூலையிலிருக்கிற தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி விட்டால் தன் எடையிலேயே உட்காரும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ ஒரு பின் இன்னும் வளைந்திருக்கிறது, எடுத்துப் பாருங்கள். எல்லாம் மாட்டிய பிறகு ஒரு ராம் மட்டும் காட்டவில்லை என்றால் ராமைக் குறை சொல்லாதீர்கள். ராமை இயக்குகிற மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு பின் சரியாகத் தொடவில்லை அல்லது அதில் அழுக்கு என்று அர்த்தம்.

புதுப் பேஸ்ட் 3200ஜி-க்கு நடுவில் 4, 5 மிமீ அகலத்தில் ஒரு பொட்டு. ஐ5-க்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. விரலால் பரப்பத் தேவையில்லை, கூலரின் அழுத்தமே பரப்பும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி மின்சாரம் கடத்தாத பேஸ்ட் எதுவானாலும் சரி. பேஸ்டுக்குப் பதில் போடுகிற திரவ உலோகமான லிக்விட் மெட்டலைக் கடையில் தள்ளிவிட்டாலும் வாங்காதீர்கள், அதிலிருக்கிற கேலியம் ஸ்டெல்த்தின் அலுமினியத்தை அரித்துவிடும். மாட்டிய பிறகு கூலரை மறுபடி தூக்கினால், அப்போதுதான் போட்ட பேஸ்டாக இருந்தாலும் முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். பழையது காற்றுக் குமிழி பிடித்திருக்கும்.

வெண்ணாறு

இடையில் ஒரு கேள்வி. 2011-லிருந்து அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

அரசலாறு

ஐசோப்ரொப்பைலும் துணியும் அதே. மற்றது வேறு.

லேப்டாப் ப்ராசஸரில் மேல் மூடி கிடையாது. கண்ணாடி மாதிரி பளபளக்கிற சிறு செவ்வகமாகச் சிலிக்கான் சில்லே வெளியில் இருக்கும். அதன் மூலை சுலபமாகப் பெயரும், ஏடிஎம் கார்டுகூட வேண்டாம், ஊறவைத்துத் துணியால் மட்டும். சுற்றிலும் எள்ளளவு மின்தேக்கிகள் இருக்கலாம், துணி அவற்றில் மாட்டி இழுத்துவிடக் கூடாது. ஓரத்துக்குக் காது குடைகிற பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து உருட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம்.

ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. பக்கத்துச் சிப்களின் மேல் ரப்பர் மாதிரி தெர்மல் பேட் இருந்தால் அதைத் துடைத்தெறிந்துவிட்டுப் பேஸ்ட் போடக்கூடாது. அங்கே அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ இடைவெளி இருக்கிறது, பேஸ்ட் அதை நிரப்பாது. பேட் கிழியாமலிருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்திருந்தால் அதே கனத்தில் வாங்குங்கள், தடிமன் கூடினால் ப்ராசஸர் பக்கம் ஹீட்சிங்க் தொடாமல் தூக்கிக்கொள்ளும். பேஸ்ட் டெஸ்க்டாப்பைவிடக் குறைவு, ஆனால் சில்லின் மூலைவரை மெல்லியதாகப் பரவியிருக்க வேண்டும். பேஸ்டோடு வருகிற பிளாஸ்டிக் கரண்டியால் நீங்களே பரப்பிவிடுங்கள்.

நீடாமங்கலம் ஜெராக்ஸ்

இரண்டும் முடிந்தது. திருகியதும் வழுக்கிக் கொடுத்தது, ப்ராசஸர் இடத்திலேயே இருந்தது. 3200ஜி இப்போது சும்மா இருக்கும்போது 46, முழு வேலையில் 74. ஐ5 மட்டும் முழு வேலையில் 81-க்குக் கீழே வரவில்லை. கடையில் ஏசி இல்லை, உள்ளே 35 டிகிரி இருக்கும்.

பாமணியாறு

3200ஜி-க்கு எல்லை 95. 35 டிகிரி அறையில் ஸ்டெல்த்தோடு 74 நல்ல எண். கூலர் எதுவும் அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது, அக்னி நட்சத்திரத்தில் இன்னும் ஐந்தாறு கூடினாலும் பயப்பட வேண்டாம்.

ஐ5-ல் முதலில் நாலு புஷ் பின்னும் பூட்டியிருக்கிறதா என்று போர்டின் பின்பக்கமிருந்து பாருங்கள். வெள்ளைக் கால் பிளந்து, நடுவில் கருப்பு முனை எட்டிப் பார்க்க வேண்டும். நாலும் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறையில் உலோக மூடிக்கு உள்ளேயும் சில்லுக்கு மேல் சாலிடர் இல்லாமல் பேஸ்ட்தான் போட்டிருக்கிறார்கள், அதுவும் காய்ந்திருக்கும். அதை மாற்ற மூடியைப் பெயர்க்க வேண்டும், கடை மெஷினில் அந்த வேலை வேண்டாம். சும்மா இருக்கும்போது எத்தனை காட்டுகிறது என்று சொல்லுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் கேபினெட்டின் பின்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் போட்டாலே முழு வேலையில் கொஞ்சம் இறங்கும்.